பைனுக்கு வேம் போட்டும் பலன் இல்லை: எந்த வேருக்கு எந்தப் பூசணம்?

சருகு · 4 ஜூன் 2024, காலை 7:12

காட்டு மரமெல்லாம் மண்ணுக்கடியில் ஒரே பூசண வலையில் கோத்துக் கிடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஒரு வேம் (VAM, நாற்றுக்குப் போடும் வேர்ப்பூசணம்) பொட்டலம் எல்லா நாற்றுக்கும் ஆக வேண்டும். ஆகவில்லையே! ஒரே பொட்டலம், ஒரே நாள், பைக்கு 10 கிராம். தேக்கு தேறிவிட்டது. பைன் ஊசியெல்லாம் ஊதா பாய்ந்து, ஆறு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரோடோடென்ட்ரான் பட்டேவிட்டது. போலி எது, பொட்டலமா, வலைக்கதையா?

நூலிழை · 4 ஜூன், காலை 9:40

பொட்டலத்தைத் திட்டும் முன் ஆள் யார் என்று பாருங்கள். வேம் என்பது வேர் உட்பூசணம், குளோமஸ் வகையறா. தேக்கு, மூங்கில், மேப்பிள், ஆஷ், காட்டுத் தரையில் முளைக்கும் பெரும்பாலான பூண்டுகள், பெரணிகள் எல்லாம் இதோடுதான் கூட்டு. இழை வேரின் செல்சுவரைத் துளைத்து உள்ளே போய், செல்சவ்வை உள்ளே தள்ளிக்கொண்டு குட்டி மரம்போல் கிளைக்கும். அதுதான் ஆர்பஸ்கூல். மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்குக் கைமாறுவது அங்கே.

பைன், ஓக், பீச், பிர்ச், சால் மரம் இவற்றின் கூட்டாளி வேறு. வெளிப்பூசணம். அது செல்லுக்குள் நுழையாது. வேர்நுனியைக் கையுறைபோல் மூடிக்கொண்டு, புறச்செல்களுக்கு நடுவே வலைபோல் பரவும். அந்த வலைக்கு ஹார்டிக் வலை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் தியோடர் ஹார்டிக் அதை வரைந்து வைத்தார், ஆனால் பூசணம் என்று அவருக்குத் தெரியாது. இந்த வேர்-பூசணக் கூட்டுக்கு ‘மைக்கோரைசா’ என்ற சொல்லையே 1885இல்தான் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் உண்டாக்கினார். டிரஃபிள் காளானை வளர்க்க வழி தேடச் சொன்னார்கள். அவர் மரவேரைத் தேடிப் போய்விட்டார்.

ரோடோடென்ட்ரான் மூன்றாவது சாதி. அதற்கும் குளோமஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆர்க்கிட் நான்காவது.

ஆக உங்கள் பொட்டலம் மூன்றில் ஒன்றுக்குத்தான் பொருத்தம். அந்த ஒன்று தேறியது.

மண்வெட்டி · 4 ஜூன், பகல் 1:05

தேக்கு தேறினது பொட்டலத்தாலதான்னு யார் சொன்னா? போடாத பை ஒண்ணு பக்கத்துல வெச்சீங்களா?

சருகு · 4 ஜூன், பகல் 1:20

வைக்கவில்லை.

மண்வெட்டி · 4 ஜூன், இரவு 8:48

அப்போ முதல்ல பொட்டலத்துக்கு உயிர் இருக்கான்னு பார்க்கலாம். ஆத்து மணலை ஈரப்படுத்தி ஒரு மணி நேரம் ஆவியில வேகவைங்க. மறுநாள் திரும்ப ஒரு மணி நேரம். முதல் நாள் தப்பிச்ச வித்து இடையில முளைச்சிருக்கும், ரெண்டாவது வேக்காட்டுல அதுவும் சாகும். மணலோட மண் கலந்து வேகவெச்சா ரெண்டு வாரம் ஆறவிடணும். சூட்டுல மாங்கனீசும் அம்மோனியாவும் வெளிவந்து நாற்றைக் கருக்கும்.

தொட்டி மூணு விதம். ஒண்ணுல பொட்டலம் அப்படியே. ஒண்ணுல அதே பொட்டலத்தை வேகவெச்சுக் கொன்னு போடணும். மூணாவதுல ஒண்ணும் இல்ல. விதத்துக்கு நாலு தொட்டியாவது வேணும். மக்காச்சோளம் விதைங்க. கடுகு, முட்டைக்கோஸ், கீரை வகை வேண்டாம், அதுங்க வேர் பூசணத்தைச் சேர்க்காது. மணிச்சத்து இல்லாத, இல்லாட்டி ரொம்பக் குறைஞ்ச உரக்கரைசல் மட்டும் ஊத்துங்க. ஆறு வாரத்துல வேரைச் சாயம் போட்டுப் பாருங்க.

நடுத் தொட்டியை மட்டும் விட்டுடாதீங்க. பொட்டலத்துல இருக்கிற கரியும் மக்கும் சத்தும் சேர்ந்தே செடியைத் தூக்கிவிடும். செத்த பொட்டலமும் உயிருள்ள பொட்டலமும் ஒரே உயரம் வளர்த்தா, நீங்க வாங்கினது பூசணம் இல்ல, உரம்.

நூலிழை · 5 ஜூன், காலை 6:55

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மரங்களை இரண்டு பெட்டியில் அடைத்தது அவசரம். யூகலிப்டஸ், வில்லோ, பாப்லர் இரண்டு வகையையும் ஏற்கும். இளநாற்றில் உட்பூசணம் முந்திக்கொள்வதும், மரம் முதிர முதிர வெளிப்பூசணம் மேலோங்குவதும் உண்டு. சவுக்கிலும் இரண்டும் வரும். போதாததற்கு ஃபிராங்கியா பாக்டீரியா வேர்முடிச்சும் கட்டும்.

‘ஊசியிலை மரம் என்றால் வெளிப்பூசணம்’ என்பதும் பாதிதான் சரி. பைன் குடும்பத்துக்கு மட்டும் பொருந்தும். சைப்ரஸ் குடும்பம் முழுக்க உட்பூசணக் கட்சி.

மண்வெட்டி · 5 ஜூன், காலை 7:30

நாலு சாதியும் சம எண்ணிக்கைன்னு யாரும் நினைச்சிடாதீங்க. உலகத்துல கலன்தாவர இனங்கள்ல நூத்துக்கு சுமார் 70 உட்பூசணம். ஆர்க்கிட் வகை சுமார் 10. வெளிப்பூசணம் வெறும் 2. ஆனா அந்த ரெண்டு சதவீதத்துலதான் பைனும் ஓக்கும் பீச்சும் சாலும் இருக்கு, அதாவது காடுகாடா நிக்கிற மரங்கள். தலையெண்ணிக்கை கம்மி, நிலம் நிறைய.

சருகு · 5 ஜூன், மாலை 5:15

நுண்ணோக்கி இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா?

மண்வெட்டி · 5 ஜூன், இரவு 9:10

வெளிப்பூசணம்னா முடியும். 10 மடங்கு கை லென்ஸ் போதும்.

மரத்தடியில சிக்கின வேரை அள்ளாதீங்க, அது பக்கத்து மரத்து வேரா இருக்கும். அடிமரத்துல இருந்து ஒரு வேரைப் பிடிச்சு, மண்ணைக் கையால விலக்கிக்கிட்டே நுனி வரைக்கும் போகணும். சருகுக்குக் கீழ, மேல் 5 முதல் 15 செ.மீ. ஆழத்துலதான் சங்கதி எல்லாம். மண்ணோட அப்படியே எடுத்து, தண்ணியில நாலஞ்சு மணி நேரம் ஊறவிட்டு, மெல்ல அலசுங்க. குழாயை நேரா திறந்துவிட்டா நுனி முறிஞ்சு சாக்கடைக்குப் போயிடும். வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி மிதக்கவிட்டுப் பாருங்க.

பூசணம் பிடிச்ச நுனி தடிச்சு, மொழுமொழுன்னு, குட்டையா இருக்கும். வேர்த்தூவி இருக்காது. பைன்ல நுனி ரெண்டு ரெண்டா கவட்டை பிரியும், அடர்ந்தா பவழம்போல கொத்தாகும். பீச்சுல, பிர்ச்சுல சீப்புப் பல் மாதிரி பக்கவாட்டுல வரும். நிறத்துலயும் கொஞ்சம் தெரியும். கரிக்கட்டைக் கறுப்பு, சுத்தி விறைச்ச கறுப்பு இழைன்னா செனோகாக்கம். பளிச்சுன்னு மஞ்சள்னா பைலோடெர்மாவா இருக்கலாம். வெள்ளைக் கொத்து, அதுல இருந்து நூல்கயிறு கிளம்பினா சூயில்லஸ், ரைசோபோகன் பக்கம் தேடுங்க.

ஏமாறுற இடமும் இருக்கு. பைன் குறுவேர் பூசணம் இல்லாமலும் சில நேரம் கவட்டை பிரியும். அதனால கவட்டையை மட்டும் நம்பாம, உறை இருக்கா, தூவி இல்லையான்னு சேர்த்துப் பாருங்க. சுருங்கி, கறுத்து, கிள்ளினா பொடியுற நுனி செத்த வேர், அதை செனோகாக்கம்னு கணக்குல சேர்க்காதீங்க. 200 நுனியாவது எண்ணினாத்தான் சதவீதம் பேசலாம்.

நூலிழை · 6 ஜூன், காலை 8:25

உட்பூசணத்துக்கு லென்ஸ் உதவாது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வேர். சாயம்தான் வழி. டிரைபான் நீலம் பழைய முறை, ஆனால் புற்றுநோய் ஐயம் உள்ள சாயம். எழுதும் மையும் வினிகரும் போதும் என்று 1998இல் காட்டிவிட்டார்கள்.

2 மி.மீ.க்கு மெல்லிய வேரை 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்குங்கள். சோள வேருக்குக் கொதிநிலையில் சில நிமிடம் போதும். மரவேருக்கு 90 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கண்ணாடி, கையுறை கட்டாயம். இது தோலை அரிக்கும் காரம். வேர் கண்ணாடிபோல் வெளுத்ததும் நீரில் நாலைந்து முறை அலசுங்கள். 5 சதவீத அசிட்டிக் அமிலமுள்ள வெள்ளை வினிகரில் 5 சதவீதம் கறுப்பு மை கலந்து, அதில் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு சில துளி வினிகர் விட்ட நீரில் 20 நிமிடம். வேர் நிறமிழக்கும், பூசணம் மட்டும் நிறம் பிடித்து நிற்கும். 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் உறுதி செய்யுங்கள்.

காட்டு மரவேரில் டேனின் அதிகம். காரத்தில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் பழுப்பு போகாது. நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் புறத்தோல் கழன்று, பார்க்க வேண்டியதே கரைந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மி.லி.யில் 20 சதவீத அம்மோனியா 3 மி.லி. கலந்து, 10 முதல் 45 நிமிடம் ஊறவையுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். எடுத்த பின் நன்றாக அலசி, நீர்த்த அமிலத்தில் ஒருமுறை முக்கிய பிறகே சாயம். காரம் மிஞ்சியிருந்தால் சாயம் பிடிக்காது. ‘மை சரியில்லை’ என்ற புகாரில் பாதி இதுதான். மீதிப் பாதி உண்மையிலேயே மை சரியில்லை. எல்லா மையும் பிடிக்காது, இரண்டு மூன்று வாங்கிச் சோதியுங்கள்.

குறுக்குச் சுவர் இல்லாத இழை, ஆர்பஸ்கூல், எண்ணெய் நிரம்பிய குமிழ் ஆகியவற்றைத் தேடுங்கள். குமிழ் மட்டும் தெரிந்தால் முடிவு சொல்லாதீர்கள், ஒல்பிடியத்தின் உறங்கு வித்தும் அப்படியே தெரியும். குறுக்குச் சுவரோடு கரும்பழுப்பாக ஓடும் இழை வேறு கூட்டம். அது சாயம் போடாமலே கறுப்பு.

நூலிழை · 6 ஜூன், காலை 9:02

மேலே ஆர்பஸ்கூலைத் தேடச் சொன்னதில் ஒரு சிக்கல். அது சில நாளில் சரிந்துவிடும் உறுப்பு. காட்டுத் தரைச் செடிகள் பலவற்றில் அது கிடைப்பதே அரிது. கல்லோ என்பவர் 1905இல் இரண்டு வடிவம் பிரித்தார். ஆரம் என்ற செடியின் பெயர் பெற்ற வடிவத்தில் இழை செல்களுக்கு நடுவே நேராக ஓடி, பக்கத்துச் செல்லில் கிளைக்கும். பாரிஸ் வடிவத்தில் செல்லிலிருந்து செல்லுக்கே சுருண்டு சுருண்டு போகும். ஊர்ப்பெயர் இல்லை, பாரிஸ் என்றொரு காட்டுப்பூண்டு இருக்கிறது. நிழலில் மெல்ல வளரும் பல்லாண்டுப் பூண்டுகளில் இந்த இரண்டாவது வடிவம் மிகுதி. அங்கே சுருளைத் தேடுங்கள். ஆர்பஸ்கூல் இல்லை என்று ‘பூசணம் இல்லை’ என எழுதிவிடாதீர்கள்.

சருகு · 8 ஜூன், காலை 10:33

பைனை இழுத்துப் பார்த்தேன். நீளமாய்த் தூவியோடு வேர், தடித்த நுனி ஒன்றுகூட இல்லை. என்ன செய்ய?

மண்வெட்டி · 8 ஜூன், பகல் 12:40

ஊதா ஊசி, மணிச்சத்துப் பஞ்சம். பைனைப் பைன் இல்லாத நாட்டுக்குக் கொண்டுபோன இடத்துலயெல்லாம் இதே கதைதான். விதை மட்டும் கப்பல் ஏறிச்சு, பூசணம் ஏறல. பழைய பைன் தோப்பு மண்ணைக் கலந்த பிறகுதான் நாற்று எழுந்திரிச்சது.

நல்லா வளர்ந்த பைனுக்கு அடியில, மேல் சருகை ஒதுக்கிட்டு, பாதி மக்கின அடுக்கையும் அதுக்குக் கீழ 10 செ.மீ. மண்ணையும் மெல்லிய வேரோட எடுங்க. நாற்றுக் கலவையில பத்துல ஒரு பங்கு, அளவுக்கணக்குல. ஏற்கெனவே பையில நிக்கிற நாற்றுன்னா குச்சியால நாலு குழி போட்டு, குழிக்கு ஒரு கரண்டி, வேர்ல படுற மாதிரி. வெயில்ல காயவிடாதீங்க. எடுத்த அன்னிக்கோ மறுநாளோ போட்டுடணும். மேல தூவிவிட்டா வீண்.

நூலிழை · 8 ஜூன், பகல் 2:15

மண் முறையை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். பூசணத்தோடு வேரழுகல், நூற்புழு, களை எல்லாம் சேர்ந்து ஏறும். அமானிட்டா ஃபல்லாய்டஸ் என்ற கொலைகாரக் காளான் ஐரோப்பிய மரங்களின் வேரோடு வேறு கண்டங்களுக்குப் போய், கலிபோர்னியாவின் உள்ளூர் ஓக் மரத்தோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. அதே தோப்பு, அதே பகுதி என்றால் மட்டும் மண்ணைத் தொடுங்கள்.

வித்துக் கரைசல் சுத்தமான வழி. ரைசோபோகன், பிசோலித்தஸ், ஸ்கிளரோடெர்மா மூன்றும் வயிற்றுக்குள் வித்தைச் சுமக்கும் காளான்கள், கோடிக்கணக்கில் கிடைக்கும். முதிர்ந்த ரைசோபோகனைக் கழுவி, நறுக்கி, நீர் சேர்த்து மிக்சியில் இரண்டு மூன்று நிமிடம் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பழுப்பு நீர். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் தாங்கும், உறைநிலைக்கு விடாதீர்கள். பிசோலித்தஸ் உலர்ந்த பொடி. நீரில் மிதந்து கைகொடுக்காது, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் கரையும். நாற்றுக்கு 6 முதல் 12 வாரம் ஆனதும், குறுவேர் கிளம்பிய பிறகு, பூவாளியால் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை. விதைத்த அன்றே ஊற்றினால் பிடிக்க நுனியே இருக்காது.

மண்வெட்டி · 8 ஜூன், பகல் 2:31

அரைச்ச மிக்சியைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீங்க. ஸ்கிளரோடெர்மா விஷம்.

நூலிழை · 8 ஜூன், மாலை 6:20

எதைச் செய்தாலும் உரத்தை அடக்குங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது. வேரைச் சுற்றி ஓரிரண்டு மி.மீ. மண் காலியானதும் வேர் பட்டினி. இழை அந்தக் காலிப்பகுதியைத் தாண்டிப் பல செ.மீ. போய்க் கொண்டுவரும், அதற்குக் கூலி சர்க்கரை. உட்பூசணத்துக்குக் கொழுப்பும் சேர்த்துத் தர வேண்டும், அதற்குச் சொந்தமாய்க் கொழுப்பமிலம் செய்யத் தெரியாது. செடி தயாரிக்கும் கார்பனில் 20 சதவீதம் வரைகூடப் போகலாம். கையருகே மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் செடி எதற்கு இந்தக் கூலி கொடுக்கும்? கதவைச் சாத்திவிடும். பிறகு எந்தப் பொட்டலமும் ஒட்டாது.

பூசணக்கொல்லியும் அப்படியே. பெனோமில் உட்பூசணத்தை ஒடுக்கும், கார்பென்டாசிமும் அதே குலம். மெட்டலாக்சில் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, அது தாக்குவது ஊமைசீட்டுகளை, பூசணம்போல் தெரியும் வேறு குலம்.

சருகு · 11 ஜூன், காலை 7:50

இரண்டு பேரும் ரோடோடென்ட்ரானை மறந்துவிட்டீர்கள்.

நூலிழை · 11 ஜூன், காலை 11:11

அதன் உறிஞ்சுவேர் தலைமுடியை விட மெல்லியது, 0.1 மி.மீ.க்குள். வெளிச்செல் ஒவ்வொன்றுக்குள்ளும் பூசணம் சுருண்டு கிடக்கும். இந்தக் கூட்டின் வேலை வேறு. புளித்த மட்கில் புரதத்தோடு பிணைந்து கிடக்கும் தழைச்சத்தை நொதியால் பிரித்துத் தரும். பி.எச். 4.5 முதல் 5.5 வரை வேண்டும். சுண்ணாம்பு சேர்ந்த தேக்குக் கலவையிலேயே நட்டிருந்தால் பூசணம் இல்லாமல் செத்ததில்லை, சுண்ணாம்பில் செத்தது. பாசன நீரின் பி.எச்.சையும் பாருங்கள். பாதி மக்கிய பைன் ஊசி, பைன் பட்டைத்தூள் கலந்து நட்டு, வளர்ந்த ரோடோடென்ட்ரான் அடியிலிருந்து ஒரு பிடி மட்கு சேர்த்தால் போதும். ஆழமாகப் புதைக்காதீர்கள். வேர்ப்பந்தின் மேல்பரப்பு மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும்.

மண்வெட்டி · 14 ஜூன், இரவு 10:02

வலைக்கதைக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் சொல்றேன். 1997ல சுசேன் சிமார்டு குழு நேச்சர் இதழ்ல போட்டது. பிர்ச்சுக்கு ஒரு கார்பன், டக்ளஸ் ஃபருக்கு இன்னொரு கார்பன், 13, 14ன்னு அடையாளம் வெச்சு ஏத்தினாங்க. ரெண்டு மரமும் வெளிப்பூசணக் கட்சி. ஃபர் பக்கம் நிகர வரவு, ஒளிச்சேர்க்கையில உள்ள போன அடையாளக் கார்பன்ல சராசரி 6 சதவீதம். அதுலயே மூணாவதா செவ்வகில் (வெஸ்டர்ன் ரெட் சிடார்) நட்டிருந்தாங்க. அது சைப்ரஸ் குடும்பம், உட்பூசணம், அந்த வலையில சேரவே முடியாத ஆள். ஆக ‘எல்லா மரமும் ஒரே வலை’ங்கிற பேச்சை அந்தச் சோதனையோட அமைப்பே மறுக்குது. காட்டுல வலைகள் உண்டு, ஒரே வலை கிடையாது.

நூலிழை · 15 ஜூன், காலை 7:18

அந்தச் செவ்வகிலுக்கும் கொஞ்சம் கார்பன் போய்ச் சேர்ந்தது, அதையும் சொல்லுங்கள். அப்படியானால் ஒரு பங்கு வலை வழியாக இல்லாமல் மண் வழியாகவே போயிருக்கிறது. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா மூவரும், தாய்மரம் பிள்ளைமரத்துக்கு ஊட்டுகிறது என்ற பேச்சுக்குக் காட்டிலிருந்து போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அந்த ஜோன்ஸ் 1997 கட்டுரையின் இணையாசிரியர். சொன்னதைத் தானே திரும்பிப் பார்த்தவர்.

ஆனால் வலை வழியே உணவு போகாது என்று மறுபக்கம் சாயாதீர்கள். மோனோட்ரோபா இருக்கிறதே. பச்சையமே இல்லாத வெள்ளைச் செடி. அது பூசணம் வழியாக மரத்திடமிருந்து உண்கிறது என்று 1880களிலேயே கமியென்ஸ்கி சொன்னார். 1960இல் பியோர்க்மன் மரத்துக்குள் கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி, அது மோனோட்ரோபாவில் வந்து சேர்வதைக் காட்டினார். ஆர்க்கிட் விதையும் தூசி, சொந்தக் கட்டுச்சோறு கிடையாது. பூசணம் ஊட்டினால்தான் முளைக்கும் என்று 1899இல் நோயல் பெர்னார்ட் கண்டார். 1922இல் நட்சன் பூசணத்துக்குப் பதில் சர்க்கரைக் கூழில் முளைக்க வைத்தார். இவையெல்லாம் பூசணத்திடம் திருடுகிறவை. மரம் மனமுவந்து தருகிறது என்பதற்கு இவை சாட்சி ஆகாது.

மண்வெட்டி · 15 ஜூன், காலை 7:40

தாய்ப்பாசத்துக்கு ஆதாரம் கம்மி, திருட்டுக்கு நிறைய. சரிதான்.

சருகு · 2 நவம்பர், மாலை 4:26

மக்காச்சோளச் சோதனை: உயிர்ப் பொட்டலம், வேகவைத்த பொட்டலம், இரண்டிலும் பூசணம் இல்லை, உயரமும் ஒன்று. வாங்கியது உரம். பைனுக்கு ரைசோபோகன் கரைசல் இரண்டு முறை ஊற்றி இப்போது பச்சை திரும்பிவிட்டது. நுனியெல்லாம் கவட்டை, வழவழப்பான பழுப்பு உறை. ஆனால் பை ஓரத்திலும் தண்டின் அடியிலும் பழுப்பு விசிறிபோல் ஒன்று படர்ந்து ஏறுகிறது. நோயா? பூசணக்கொல்லி அடிக்கவா?

மண்வெட்டி · 2 நவம்பர், மாலை 5:03

அடிக்காதீங்க! விசிறி ஓரம் வெளுத்து, தோல் மாதிரி இருந்தா தெலஃபோரா. அதுவும் வெளிப்பூசணம்தான், நாற்றங்கால்ல தானா காத்துல வந்து உட்காரும். தண்டைத் தின்னாது, பிடிச்சு ஏறும், அவ்வளவுதான். குட்டி நாற்றை மூடினா மட்டும் விரலால தள்ளிவிடுங்க.

நூலிழை · 2 நவம்பர், இரவு 8:37

ரைசோபோகன் என்றால் உறை வெண்மையாக, பவழக் கொத்தாக, நூல்கயிறோடு இருக்க வேண்டும். வழவழப்பான பழுப்பு உறை தெலஃபோராவைத்தான் காட்டுகிறது. பச்சை திரும்பியது நீங்கள் ஊற்றிய கரைசலால் இல்லாமலும் இருக்கலாம். கரைசல் ஊற்றாத பை இருக்கிறதா?

சருகு · 2 நவம்பர், இரவு 8:41

இம்முறை பத்துப் பை விட்டிருக்கிறேன். நாளை வேரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சருகு · 3 நவம்பர், காலை 11:55

ஊற்றாத பத்தில் ஏழில் அதே பழுப்பு உறை. ஊற்றிய பத்தில் ஒன்பதில் பழுப்பு, அதில் நான்கில் வெள்ளைக் கொத்தும் சேர்ந்து இருக்கிறது.

நூலிழை · 3 நவம்பர், பகல் 1:10

அப்படியானால் பச்சைக்குப் பெரும்பங்கு காற்றில் வந்த விருந்தாளியுடையது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நட்ட பிறகு நாற்றங்கால் பூசணம் பின்வாங்கி, அந்த மண்ணில் இருப்பவை இடம்பிடிக்கும். நடும்போது வேரைக் கழுவாமல், பைமண் உதிராமல் குழியில் இறக்குங்கள். அடுத்த ஆண்டு அதே நாற்றின் 200 நுனியை எண்ணினால் யார் மிஞ்சினார் என்று தெரியும்.